பதினான்காம் நம்பர் ரைபிளுக்குப் பிடித்த தோட்டா

போன மாதம் அக்கா மகளுக்குக் கம்மல் மாற்ற நகைக்கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பழைய கம்மலை ஒரு சின்ன இடுக்கியால் எடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில் வைத்தார். காற்று பட்டால் எண் ஓடும் என்று ஃபேனை நிறுத்தினார். பிறகு கண்ணாடியைச் சாத்திவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற நானும் என்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டேன். "ஏன் சித்தி மொகம் ஒருமாரி இருக்கு?" என்று கேட்டாள் அக்கா மகள். புழுக்கம் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

அந்த மாதிரி ஒரு தராசில், அதே மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு, நானும் கலைவாணியும் துப்பாக்கித் தோட்டாக்களை எடை போட்டிருக்கிறோம். அவளிடம் சொன்னதைத் தவிர வேறு யாரிடமும் நான் சொல்லாத கதை இது. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

காரைக்காலில் நான் படித்த கல்லூரியில் அப்போது காக்கிச் சட்டை போட்ட மாணவிகள் அணி ஒன்று இருந்தது. சுனாமி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். சுயவிருப்பத்தோடு சேர்ந்தேன் என்று சொன்னால் பொய். சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் பூரி கொடுப்பார்கள், அதற்காகச் சேர்ந்தேன். தலத்தெருவில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற ஒருவர் இருந்தார். பிரெஞ்சில் சிப்பாய்க்கு சொல்தா, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். நான் காக்கி போட்டுக்கொண்டு சைக்கிளில் போனதும் என்னைப் 'பொம்பள சொல்தா' ஆக்கிவிட்டார்கள். சட்டை அக்காவுடையதை வெட்டித் தைத்தது. குப்புறப் படுத்துச் சுடும்போது ஒவ்வொரு முறையும் ஒரு பித்தான் தெறிக்கும்.

கலை என் பெஞ்சுக்காரி. ஊருக்குக் கிழக்கே மீனவர் குப்பத்துப் பெண். அவள் அப்பாவைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. அம்மா கூடை சுமந்து மீன் விற்பவர். அரசாங்கம் கட்டிக்கொடுத்த சுனாமிக் குடியிருப்பில் இருவரும் இருந்தார்கள். கலை அதிகம் பேசமாட்டாள். ஆனால் ரைபிளைப் பிடித்துக்கொண்டு படுத்தால் அவள் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கட்டிப்போட்ட படகுகூட அலைக்குக் கொஞ்சம் ஆடும். இவளிடம் அந்த ஆட்டமும் இருக்காது.

குரும்பகரம் போகிற வழியில், வயல்களுக்கு நடுவே மண்மேடு ஒன்று எழுப்பி அதைச் சுடுகிற இடமாக வைத்திருந்தார்கள். எங்களுக்குக் கொடுத்தது பாயின்ட் டூ டூ என்கிற சின்ன ரைபிள். அதன் தோட்டா சுண்டுவிரலின் நுனிக் கணு நீளம், அவ்வளவுதான். அடியில் சின்னதாக ஒரு விளிம்பு இருக்கும். பற்ற வைக்கிற மருந்து அந்த விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி விளிம்பில் தட்டினால் வெடிக்கும். ஒன்றில் மருந்து ஒரு துளி கூடி, அடுத்ததில் ஒரு துளி குறைந்தால் போதும், ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும் குறி அட்டையில் ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும். குண்டின்மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு உண்டு. வெயிலில் வைத்தால் கையெல்லாம் பிசுபிசுக்கும். அந்தக் கையோடு பூரி தின்று திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஹவில்தார் ஒருவர் எங்களுக்குப் பொறுப்பு. நல்ல மனுஷன், ஆனால் மத்தியானம் ஆனால் தூங்கிவிடுவார். அவர் ஒருநாள் அரைத்தூக்கத்தில் சொன்னதுதான் எங்களைப் பிடித்துக்கொண்டது.

"ரைபிளுக்கு ரைபிள் வாய் ருசி வேற புள்ளைங்களா. ஒண்ணுக்குப் புடிச்ச தோட்டா இன்னொண்ணுக்குப் புடிக்காது. வெலய பாத்து எடுக்காதீங்க. சுட்டுப் பாத்து எடுங்க."

பாண்டியில் நடக்கவிருந்த ஒரு தேர்வுக்காக இதைச் சொன்னார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஒரு பெண்ணுக்கு அரசாங்க வேலை. நாற்பது குண்டு சுட வேண்டும். காரைக்காலிலிருந்து நானும் கலையும் போவதாக முடிவாயிற்று.

நான் இயற்பியல் படித்தவள் இல்லையா, புத்தி அங்கே ஓடியது. ஆய்வக உதவியாளரைக் கெஞ்சிக் கண்ணாடிப் பெட்டித் தராசை வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, கலை பின்னால் பிடித்துக்கொண்டே நடந்துவர, அணி அறைக்குக் கொண்டுவந்தோம். ஹவில்தார் நாற்காலியில் குறட்டை விட, நாங்கள் தோட்டாக்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து நிறுத்தோம். கனமானது ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், இலேசு ஒரு குவியல். அன்றைக்கு ஊறுகாய்க்கு மாங்காய் பொறுக்குகிற மாதிரிதான் இருந்தது.

எடை போட்டால் மட்டும் போதாது, ஒரே தடவையில் செய்த தோட்டாக்களுக்கெல்லாம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் நம்பர் வாரியாகச் சுட்டும் பார்க்க வேண்டும். எங்களிடம் உள்ளூர்ப் பெட்டிகள் இரண்டு லாட் இருந்தன. அவற்றோடு, யாரோ ஒரு அதிகாரி பெரிய முகாமிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வெளிநாட்டுத் தோட்டாவும் இருந்தது. திறந்த பெட்டியில் கொஞ்சம், திறக்காத பெட்டியில் ஐம்பது. அந்தப் பெட்டியின் அட்டையே வழவழவென்று இருக்கும். மற்ற பெண்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

சோதித்துப் பார்க்க வேண்டிய நாளில் கலை வரவில்லை. அவள் அம்மாவுக்குக் காய்ச்சல், கூடையை இவள் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். ஹவில்தார் என்னைச் சுடச் சொன்னார். மணல் மூட்டைமேல் ரைபிளை அசையாமல் வைத்துச் சுட்டால், சுடுகிறவர் யாராயிருந்தாலும் அதிகம் வித்தியாசம் தெரியாது. என்னுடைய ஒன்பதாம் நம்பர் ரைபிளில் மூன்று வகையிலும் ஐந்தைந்து சுட்டேன். எதிலும் ஓட்டைகள் சுமாராகத்தான் ஒன்றுகூடின. பிறகு கலையின் பதினான்காம் நம்பரை எடுத்தேன்.

உள்ளூர்த் தோட்டாவில் இரண்டாவது லாட். ஐந்து குண்டும் போன ஓட்டைகளை ஒரு பழைய நாலணாக் காசால் மூடிவிடலாம். திரும்பவும் சுட்டேன், திரும்பவும் அப்படியே. அடுத்து வெளிநாட்டுத் தோட்டா. இட்லித் தட்டில் குழிகள் இருப்பது மாதிரி ஆளுக்கொரு மூலையில் ஓட்டைகள். என் தப்போ என்று இன்னும் பத்து சுட்டேன். அப்படியேதான். பதினான்காம் நம்பருக்கு அந்த விலையுயர்ந்த தோட்டா பிடிக்கவில்லை.

அட்டைகளைக் கழற்றிக்கொண்டு வந்தபோது ஹவில்தார் வேப்பமரத்தடியில் படுத்திருந்தார். "எப்டி?" என்றார். "பாத்துட்டேன் சார்" என்றேன். அவர் அட்டைகளைக் கேட்கவில்லை. நான் கொடுக்கவுமில்லை. பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். வீட்டில் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. அப்பாவுக்கு வேலை இருந்தது. கலை என்னைவிட நன்றாகச் சுட்டாள், அவ்வளவுதான். நான் ஒரு வருடம் பித்தான் தெறிக்கப் படுத்துக் கற்றதை அவள் ஒரே மாதத்தில் தாண்டிப் போனாள். அவள் இருக்கும்வரை எனக்கு இரண்டாவது இடம்தான் என்பது எனக்குத் தெரியும், ஹவில்தாருக்கும் தெரியும், பூரி பரிமாறுகிற ஆயாவுக்கும் தெரியும்.

தேர்வுக்கு முந்தின நாள் ஹவில்தார் பெட்டிகளை மேசைமேல் வைத்தார்.

"வெளிநாட்டுது ஒரு பெட்டிதான் முழுசா இருக்கு. யாருக்கு?"

கலை என்னைப் பார்த்தாள். "நீதான சுட்டுப் பாத்த. நீ சொல்லு புள்ள" என்றாள்.

"கலைக்கே குடுங்க சார். அவதான் நல்லா சுடுறவ. எனக்கு நம்மூருதே போதும்."

என் வாயிலிருந்துதான் வந்தது. குரல்கூட நடுங்கவில்லை. ஹவில்தார் என் முதுகில் தட்டி, "இதான் மனசு" என்றார். மற்ற பெண்கள் கைதட்டினார்கள். கலை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். சாயங்காலம் அவள் அம்மா, காய்ச்சல் முழுதாகத் தெளியாத உடம்போடு, வாழை இலையில் வஞ்சிரத் துண்டுகளைச் சுற்றி எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்தார்.

"யார் புள்ளைக்கோ யாரு இப்டி விட்டுக் குடுப்பா? நீ நல்லா இருக்கணும்டி தங்கம்" என்று என் கன்னத்தை வழித்தார். அவர் கையில் மீன் வாசம். அந்த வஞ்சிரத்தை நான் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

வேனில் பூவத்தைத் தாண்டும்போது கலை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். சீர்காழியில் டீ குடிக்க நிறுத்தினார்கள், அப்போதும் சொல்லியிருக்கலாம். என்னிடமும் மாற்றுப் பெட்டி இருந்தது. அவள் ரைபிளுக்குப் பிடித்த அந்த இரண்டாவது லாட் என் பைக்குள்தான் இருந்தது.

தேர்வில் குறி சரி பார்த்துக்கொள்ளப் பத்து குண்டு கொடுத்தார்கள். கலையின் முதல் குண்டு மேலே வலப்பக்கம். அவள் குறிபார்க்கும் சைட்டின் திருகைத் திருப்பினாள். இரண்டாவது கீழே போனது. மறுபடி திருப்பினாள். தோட்டா அலைந்தால் சைட்டைத் தொடவே கூடாது, ஒவ்வொரு ஓட்டையையும் துரத்தித் திருப்பினால் இன்னும் கெடும். தோட்டா அலைகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? உலகத்திலேயே நல்ல தோட்டா தன்னிடம் இருக்கிறது என்று நம்பியவள் அவள். பக்கத்துப் பாயில் படுத்திருந்த எனக்கு அவள் திருகைத் திருப்புகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இருபதாவது குண்டுக்குப் பிறகு அந்தச் சத்தமும் நின்றுவிட்டது. சும்மா சுட்டு முடித்தாள்.

அவள் வழக்கமாக எடுப்பதில் இருபது புள்ளி குறைந்தது. நான் வழக்கமாக எடுப்பதையே எடுத்தேன். வந்திருந்த எட்டுப் பேரில் அது போதுமானதாக இருந்தது.

திரும்பி வரும்போது கலை தன் வலது கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். "கை நடுங்கிடுச்சு புள்ள" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் சோதித்த அட்டைகளை வெந்நீர் அடுப்பில் போட்டேன்.

எனக்கு வேலை கிடைத்தது. கலை படிப்பை முடித்தாள், கல்யாணம் ஆயிற்று. கல்யாணத்துக்கு நான் பாண்டியிலிருந்து போயிருந்தேன். அவள் அம்மா என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, வருகிறவர்களிடமெல்லாம், "வெளிநாட்டுத் தோட்டாவ எம்மவளுக்குக் குடுத்தது இந்தப் பொண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து ஓடலாம் போல இருந்தது. ஓடவில்லை, விருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து, தாங்க முடியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமிக் குடியிருப்புக்குப் போனேன். கலை வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே கூட்டிப்போய் டீ போட்டாள். பேச்சுவாக்கில், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் உதவியாளர் படிப்புக்கு இடம் கிடைத்தும் போகவில்லை என்று சொன்னாள்.

"ஏன் போகல?"

"ஊசி போடுற வேலைல்ல. நமக்குத்தான் நேரம் பாத்துக் கை நடுங்குதே. யாராச்சும் புள்ளைக்குத் தப்பாக் குத்திட்டன்னா?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மணல் மூட்டை, நாலணா, இட்லித் தட்டு, அடுப்பில் போட்ட அட்டைகள், எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள்.

"போ புள்ள. என்னைத் தேத்துறதுக்கு இப்டியெல்லாம் கத கட்டாத. எங் கை எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா கலை."

"அப்ப அந்த அட்டய காட்டு."

என்னிடம் ஏது அட்டை? நான் அழ ஆரம்பித்தேன். அவள் அழவில்லை. நான் அழுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு மெதுவாக அடங்கியது. பின்கட்டில் அவள் அம்மா மீன் ஆயும் சத்தம் கேட்டது.

"சரி, நீ சொல்றது நெசம்னே வையி" என்றாள் தணிந்த குரலில். "இப்ப நான் என்னா செய்யணும்ங்கிற? இவனத் தூக்கிக்கிட்டுப் போயி சுடவா?"

அவள் எழுந்து என் டம்ளரை எடுத்தாள்.

"அம்மாட்ட சொல்லிடாத. வாரா வாரம் கோயில்ல ஒம் பேருக்கு வௌக்கு போடுது. கெளம்பு."

வாசல்வரைகூட வரவில்லை. அதற்குப் பிறகு என் போனை அவள் எடுத்ததில்லை. ஒரு வருடம் கழித்து அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று வந்தது. கணவருக்குக் கேரளத்தில் ஏதோ துறைமுகத்தில் வேலை, குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் அம்மா இறந்த செய்தி எனக்கு வந்து சேர்ந்தபோது கருமாதியும் முடிந்திருந்தது.

குரும்பகரம் சாலையில் அந்த மண்மேட்டைச் சரித்து மனை போட்டிருக்கிறார்கள், கல் நட்டாயிற்று. கல்லூரியில் எங்கள் அணி அறை கம்ப்யூட்டர் அறை ஆகிவிட்டது. அந்தச் சின்ன ரைபிள்கள் எந்தக் கிடங்குக்குப் போயினவோ தெரியாது. ஹவில்தாரும் இப்போது இல்லை. கலை எங்கேயோ ஒரு துறைமுகத்துப் பக்கம் மீன் நறுக்கிக்கொண்டிருப்பாள். நான் சொன்னதை அவள் நம்பினாளா, இல்லை என்னைத் துரத்துவதற்காக நம்பியதாகக் காட்டினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நம்பாமல் போயிருந்தால், அன்று அந்தக் கை நடுங்கவே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.