புளியறைச் சாசேஜ்

எங்கள் வீட்டில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் அதற்குப் பெயர் வைக்கும் உரிமை பெரியப்பாவுக்குத்தான் இருந்தது. போலீஸில் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளைப் பார்த்ததுமே திருடனா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்பார். நோயையும் அப்படித்தான் சொல்வார். அப்பாவுக்கு வெளிக்குப் போகும்போது ரத்தம் போகிறது என்று தெரிந்த அன்றே, "மூலம்தான், வேற ஒண்ணுமில்ல. பன்னிக்கறி தின்னா நின்னுரும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்பீலுக்கு இடமே கிடையாது.

அதற்கு முன்பே அப்பா, மாமாவைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலியில் ஒரு பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மூலம் இல்லை, அடிக்குடலில் புற்று என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை அறுத்து எடுத்துவிட்டு, மிச்சக் குடலை வயிற்றில் ஒரு துளை போட்டு வெளியே கொண்டுவந்து தைக்க வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் மலம் அந்த வழியாக ஒரு பையில்தான் இறங்கும். உடனே வந்து படுத்தால் பிழைக்கலாம், வராவிட்டால் அடுத்த பொங்கலைப் பார்ப்பது கஷ்டம். இதை அப்பா வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. மாமாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். எனக்கே கல்யாணமான பிறகுதான் மாமா சொன்னார். மூன்றாம் வகுப்பில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவுக்கு மூலம், அதற்கு மருந்து பன்றி என்பதுதான்.

ஆனால் எங்கள் வீட்டில் ஆடு, கோழி, மீனோடு சரி. பன்றி என்று சொன்னாலே, அப்பாவின் அக்காவான அத்தை வாயைக் கொப்பளிப்பாள். மருந்தே ஆனாலும் வாசல் தாண்டி வரக்கூடாது. அதற்கும் பெரியப்பாவே வழி சொன்னார். ஞாயிறுதோறும் கேரள எல்லையில் இருக்கும் புளியறைக்குப் போய்த் தின்றுவிட்டு, குற்றாலத்தில் தலை முழுகிவிட்டு வீட்டுக்கு வரவேண்டும். அப்படி முழுகி வந்தும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அப்பாவுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், படுக்கை மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில். அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டைத் தள்ளி வைப்பாள். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவள்தான்.

துணைக்கு என்று என்னை அனுப்பினார்கள். அப்பா வெள்ளை வேட்டியை விட்டுக் கறுப்புச் சாரத்துக்கு, அதாவது லுங்கிக்கு, மாறியிருந்தார். பஸ்ஸில் இடம் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேதான் வருவார். எனக்கு அது பெரிய வீரமாகத் தெரிந்தது.

புளியறையில் லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்குப் பின்னால் மலையாளத்துச் சேட்டன் ஒருவரின் கடை. மலைக்கு மேலே ஏதோ எஸ்டேட் பங்களாவில் துரைக்குச் சமைத்தவராம். இப்போது தானே பன்றி வளர்த்து, தானே அறுத்து, லாரிக்காரர்களுக்கு விற்றார். கறியையும் கொழுப்பையும் பொடிப்பொடியாகக் கொத்தி, மிளகு, பூண்டு, பட்டை, காடி சேர்த்துப் பிசைந்து, கழுவிய குடலுக்குள் புனலை வைத்துத் திணிப்பார். சாண் அளவுக்கு ஒரு முடிச்சு. அடுப்புக்கு மேலே கயிற்றில் புகை பிடிக்கத் தொங்கும். அதற்குச் 'சாசேஜ்' என்று பெயர்.

முதல் தடவை அப்பா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். நான் கேட்காமலே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். தோல் பல்லில் பட்டென்று வெடித்தது. சூடான நெய்யும் மிளகுக் காரமும் புகையுமாக இறங்கியது. அடேயப்பா! அப்படி ஒரு ருசியை எங்கள் வீட்டுத் தீபாவளிக்குக்கூட நான் கண்டதில்லை. அதற்குப் பிறகு அப்பா பாதியை என் இலைக்குத் தள்ளுவார். பிறகு முக்கால் பங்கையும். பன்றி நெய்யில் என் கன்னம் பளபளத்தது, அப்பாவுக்குக் கழுத்தெலும்பு தெரிந்தது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, போகும்போதே அப்பா சொன்னார். "சாயங்காலம் தென்காசி பஸ் ஸ்டாண்டுல மாமா நிப்பான். நீ அவன்கூட வீட்டுக்குப் போயிரு. நான் திருநெல்வேலிக்கு ஒரு சோலியாப் போறேன்."

"எப்ப வருவீய?"

"கொஞ்ச நாளாகும்ட்டி."

நான் அழுதுகொண்டேதான் புளியறையில் இறங்கினேன். சாசேஜைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

சேட்டன் வாசலில் உட்கார்ந்து குடலை ஒரு குச்சியில் கோத்து, உள்ளும் வெளியுமாகப் புரட்டிக் கழுவிக்கொண்டிருந்தார். அப்பா சாப்பிடவில்லை. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"சேட்டா, பன்னி உசுரோட இருக்கும்போதே இந்தக் குடல அறுத்து, வயித்துல ஓட்டையப் போட்டு வெளிய எடுத்து வச்சுத் தைச்சா, அது பொழைச்சுக் கெடக்குமா?"

சேட்டன் கை ஓயாமல் கழுவிக்கொண்டே யோசித்தார். "கெடந்தாலும் கெடக்கும் அண்ணாச்சி. ஆனா அது ஒரு பொழப்பா? நாத்தம் தாங்காம மத்த பன்னியெல்லாம் பக்கத்துல சேக்காதுல்லா!"

பன்றிக்கே நாறுமா! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் பன்றிகளை நினைத்து நினைத்துச் சிரித்தேன். சேட்டனும் சிரித்தார். அப்பாவும் என் தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

அன்றைக்கு ஐந்தருவியில் அப்பா நெடுநேரம் நின்றார். போதும் வாங்கப்பா என்று நான் கூப்பிட்டது தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை போல.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் மாமா ஒரு பையோடு நின்றார். பக்கத்திலேயே திருநெல்வேலி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அப்பா அதைப் பார்க்கவேயில்லை.

"போகல மாப்ள. வீட்டுக்கே போவோம்."

"அத்தான், டாக்டர்ட்ட சொல்லி வச்சிருக்குல்லா? நாளைக்குன்னாலும்…"

"வேண்டாம்னா விட்டுருடே."

மாமா பையைக் கீழே போட்டுவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில் வாய்விட்டு அழுதார். இவ்வளவு பெரிய ஆள் இப்படி அழுகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா எங்கேயும் போகவில்லை, எங்களோடுதான் வருகிறார்! நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊரான இலத்தூருக்குப் போகும் பஸ் நின்ற இடம் வரைக்கும் குதித்துக்கொண்டே போனேன்.