கண்மாயில் குஞ்சுகள், கடைமடையில் நெல்

இராமநாதபுரத்தில் குளிர்காலம் உண்டா என்று மதுரைக்காரர்கள் கேலி செய்வார்கள். உண்டு. கார்த்திகை மழை ஓய்ந்ததிலிருந்து மாசி வெயில் ஏறும் வரைக்கும், விடியற்காலையில் போர்வையை இழுத்துக்கொள்ளும்படி ஒரு குளிர் இருக்கும். அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. காலையில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பும் தூரத்தில் எங்கே பறவை இருக்கிறது என்று தேடுவேன். என் வீட்டுக்காரர் ஆபீஸ் குமாஸ்தா. ஞாயிறன்று தூங்குவதுதான் அவருக்குச் சுற்றுலா. ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்துவிடுவார்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் எங்கள் கொல்லைக்கு வந்த ஒரு ஆறுமணிக் குருவி. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு விசில் அடிக்கும்; மற்ற நேரம் கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே சருகைப் புரட்டிப் புழு பொறுக்கும். பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, அடியில் சிவப்பு, இறக்கையில் ஒரு நீலத் துண்டு. வாலை மட்டும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது புழு பொறுக்கச் சருகு கிடக்கட்டும் என்று மார்கழி முழுதும் நான் கொல்லையைக் கூட்டவில்லை. பக்கத்து வீட்டம்மா, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று சுவரைத் தாண்டி இரண்டு முறை விசாரித்துவிட்டார். சோம்பேறி என்பதை அவ்வளவு நாகரிகமாகச் சொல்ல அவரால்தான் முடியும்.

எங்களுக்கு விறகு கொண்டு வருபவர் முனியாண்டி. சிக்கலுக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்காரர், சொந்த மாட்டுவண்டி. ஒரு நாள் நான் ஜன்னலோரம் அசையாமல் நிற்பதைப் பார்த்துச் சிரித்தார். "ஒத்தக் குருவிக்கே இப்படி நிக்கிறீகளே, எங்க கண்மாய்க்கு வந்தா என்ன செய்வீக? மரம் தெரியாது தாயி, அம்புட்டும் நாரை. தை கடைசியில வாங்க, குஞ்சு பொரிச்சுக் கெடக்கும். சிக்கல்ல வண்டியோட நிக்கிறேன்" என்றார்.

அப்படித்தான் தை மாதக் கடைசி ஞாயிறன்று கிளம்பினோம். காலை ஆறரை மணிக்குக் கடலாடி போகும் பஸ். சிக்கல் வரை கண்டக்டர் கணக்கில் பதினெட்டு மைல். ஆளுக்கு அறுபது நயா பைசா. வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் வெயில் முகத்தில் அடிக்கும். உத்தரகோசமங்கையில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். கோபுரத்தில் பச்சைக்கிளிகள் ஒரே ரகளை. என் வீட்டுக்காரர் அதையும் கேட்காமல் தூங்கினார். எட்டு மணிக்குச் சிக்கல். அங்கிருந்து மூன்று மைல் வண்டிப் பாதை. முனியாண்டி வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து வைத்திருந்தார். காசு என்றதும் காது கேளாதவர் போல மாட்டை அதட்டினார்.

கண்மாய்க்கரை ஏறியதும் முதலில் வந்தது நாற்றம். அதை மறைத்து எழுதினால் நான் பொய்க்காரி ஆவேன். அடுத்து இரைச்சல். அதற்குப் பிறகுதான் கண்ணுக்குப் பட்டது: தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள் ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகக் கூடுகள். மஞ்சள் மூக்கு நாரைகள் குனிந்து குஞ்சுகளின் வாயில் மீனைக் கக்கின. அவற்றின் முதுகோர இறகுகள் ஆலத்தித் தண்ணீரில் தோய்த்த மாதிரி இளஞ்சிவப்பு. அரிவாள் மூக்கன், நத்தைக்குத்தி, கரையோரம் ஒரு கூழைக்கடாக் கூட்டம். நான் கூடுகளை எண்ணத் தொடங்கி, முதல் மரத்திலேயே கணக்கை விட்டேன். என் வீட்டுக்காரரும் விழித்தே இருந்தார் என்பதைப் பதிவு செய்கிறேன்.

"இந்த ஊர்ல தீவாளிக்கு வெடி கெடையாது. கல்யாணத்துக்கு வேட்டும் கெடையாது" என்றார் முனியாண்டி. "அதுக எச்சம் கலந்த தண்ணிதான் எங்க வயலுக்கு எரு."

மடையருகே பத்துப் பேர் கூடி நின்றார்கள். சண்டையோ என்று பயந்தேன். முனியாண்டி விஷயத்தைச் சொன்னார். மடைக்கல்லில் பழைய வெட்டு ஒன்று இருக்கிறது. குஞ்சுகள் பறக்கும் வரை அந்த வெட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கக் கூடாது. இறங்கினால் மரத்தடி தரை தட்டும், நரியும் நாயும் நடந்தே போய்விடும். இந்த வருஷம் தை முடிவதற்குள்ளேயே தண்ணீர் வெட்டைத் தொட்டுவிட்டது. மற்றவர்கள் வயலில் கதிர் முற்றிவிட்டது. கடைமடையில் காளியம்மாள் என்கிற பெண்ணின் வயல் மட்டும், ஐப்பசி வெள்ளத்தில் அழிந்து மறுபடி விதைத்ததால், இப்போதுதான் பால் பிடித்து நின்றது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், இல்லாவிட்டால் வைக்கோல்.

மேல்மடை நிலக்காரர் சேதுராமு என்பவர்தான் அதிகம் பேசினார். "காளியம்மா பாவம்ப்பா. ஒரு பொழுது தொறந்துவிட்டா ஒண்ணும் கொள்ளை போயிறாது." எவ்வளவு இரக்கமுள்ள மனிதர் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரருக்கும் அப்படியே தோன்றியிருக்க வேண்டும். யாரும் கேட்காமலேயே, "திறந்துவிட்டா என்ன? பறவைதானே, வேற கண்மாய்க்குப் பறந்து போயிரும்" என்றார்.

நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், சேலையை இழுத்துச் செருகியபடி அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர்தான் காளியம்மாள். "தம்பி, றெக்கை மொளைச்சதுக பறக்கும். மொளைக்காததுகள ஒங்க வண்டியில ஏத்திக்கிட்டுப் போறீகளா?"

கூட்டம் சிரித்தது. என் வீட்டுக்காரர் ஒரு கூழைக்கடாவை உன்னிப்பாகக் கவனிக்கத் தொடங்கினார்.

காளியம்மாள் சேதுராமு பக்கம் திரும்பினார். "அண்ணே, ஒங்க எரக்கம் எனக்குத் தெரியாதா? மடையத் தொறந்துட்டா நாரைக்கட்டுக் கொடுக்க வேணாம்ல?"

அந்த ஊர் வழக்கம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. குஞ்சுகளுக்காகத் தண்ணீரை நிறுத்தி யாருடைய பயிராவது காய்ந்தால், அறுப்பின்போது மற்ற வயல்காரர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு கட்டுக் கதிர் அவருக்குத் தர வேண்டும். அதன் பெயர்தான் நாரைக்கட்டு. சேதுராமுவுக்குப் பெரிய நிலம். கட்டும் பெரியதாக இருக்க வேண்டும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைப் பாடத்தில் படித்திருக்கிறேன், நேரில் பார்த்தது அன்றுதான்.

தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சி முன்னால் வந்தார். "பயிரு ஒன்னோடது, காளியம்மா. நீ சொன்னா நான் மடையில எறங்குறேன். சொல்லாட்டி எறங்கல" என்றார்.

மரத்தில் குஞ்சுகள் கத்தின. காளியம்மாள் வயலைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், மறுபடி வயலைப் பார்த்தார். திறக்கச் சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். சொன்னால்தான் என்ன தப்பு என்றும் தோன்றியது.

"கைப்புள்ளையப் பட்டினி போடுற மாதிரி இருக்குய்யா" என்றார். "இங்கனயும் பட்டினி, அங்கனயும் பட்டினி. வேணாம். தொறக்க வேணாம்." அப்படியே மடைக்கல்லில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நீர்பாய்ச்சி கூட்டத்தைப் பார்த்து, "கட்டு உண்டுன்னு ஒவ்வொருத்தரும் வாய்விட்டுச் சொல்லிட்டுப் போங்க" என்றார். சொன்னார்கள். சேதுராமு கடைசியாகச் சொன்னார், ஆனாலும் சொன்னார். கட்டுச்சோற்றுப் புளியோதரை அன்று எங்கள் இருவருக்கும் இறங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. துப்பாக்கிக்காரர்களும் பயணக் கட்டுரை படிக்கிறார்கள். சிக்கலில் இறங்கி மரியாதையாகக் கேட்டால் வழி சொல்வார்கள். காலை எட்டுக்கும் பத்துக்கும் நடுவே போனால் தாய்ப்பறவைகள் இரை ஊட்டுவதைப் பார்க்கலாம். குடிதண்ணீர் கொண்டு போங்கள்; கிணறு எல்லாம் உப்பு. வெள்ளை உடுத்தாதீர்கள், மரத்தடி எச்ச வேலைப்பாடு உங்கள் மேலும் விழும். திரும்பும் பஸ் நாலரைக்கு, சில நாள் ஐந்தேகாலுக்கு. கடலும் வேண்டும் என்பவர்கள் வேறொரு நாள் ரயிலேறித் தனுஷ்கோடி போகலாம், பூநாரைகள் நிற்கும்.

இன்னொரு விஷயம், மாசி முடிவில் நாங்கள் மறுபடி போனபோது தெரிந்துகொண்டது. மடையைத் திறந்துவிட்டிருந்தார்கள். குஞ்சுகள் எல்லாம் பறக்கத் தொடங்கிவிட்டன. காளியம்மாளின் வயலில் மாடு மேய்ந்தது. அவர் களத்தில் இருந்தார். பக்கத்தில் ஊர்க் கட்டுகள் குவிந்து கிடந்தன, ஒன்று குட்டைக் கதிர், ஒன்று நெட்டைக் கதிர். "சேதுராமு அண்ணன் கட்டைப் பாருங்க, பாதி பதரு" என்று சத்தமாகவே சொன்னார். பிறகு எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு தடவ வந்து கண்ணு நெறையப் பாத்துட்டுப் போறீகளே. ஒங்க கட்டு எங்க?"

கேலிதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் பார்த்த அத்தனை அழகையும் இந்தப் பெண்ணின் வயல் அல்லவா காய்ந்து கொடுத்திருக்கிறது? என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஒரு கட்டைப் பிரித்துக் கல்லில் அடித்தார்.

"தம்பி, வைக்கோலு பறக்குது. நெல்லு இன்னும் கதிர்லயேதான் இருக்கு" என்றார் காளியம்மாள்.

என் வீட்டுக்காரர் விடவில்லை, அடித்துக்கொண்டே இருந்தார். நானும் சேலையைச் செருகிக்கொண்டு பதர் தூற்றினேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று முனியாண்டி வண்டியைப் பூட்டும்போது, இரை தேடப் போன நாரைகள் எங்கள் தலைக்கு மேலே தாழப் பறந்து கண்மாய்க்குத் திரும்பின. குனிந்தே நின்ற என் வீட்டுக்காரரின் முதுகில் காளியம்மாள் ஒரு கதிரால் தட்டினார்.

"இப்ப நிமிந்து பாருங்க தம்பி. ஒங்களுக்கும் அதுகள்ல பங்கு உண்டு."