இரண்டாம் தட்டு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். கட்டுக்கதை என்று மட்டும் சொல்லாதீர்கள். இது நடந்தது. பட்டப்பகலில், விளக்கு எரிகிற அறையில், பேய் என்றாலே விழுந்து விழுந்து சிரிக்கிற ஒருத்திக்கு நடந்தது.

அவளை வீட்டிலும் வேலையிடத்திலும் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சிறிசு, வாய் பெரிசு. ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் வேலை வைரஸ் தயாரிப்பது. நோய் பரப்புகிற வைரஸ் இல்லை. திருடனிடமிருந்து ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டு, நம் மூட்டையை அவன் தலையில் ஏற்றி, "போய் உள்ளே இறக்கிட்டு வா" என்று அனுப்புகிற மாதிரி. வைரஸின் கெட்ட சரக்கை எடுத்துவிட்டு, மனித மரபணு ஒன்றை அதற்குள் வைப்பாள். அது செல்லுக்குள் புகுந்து மரபணுவை இறக்கிவிடும்.

செல்லுக்குள் ஆர்.என்.ஏ என்று ஒரு நாடா உண்டு. அதில் வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டித் தருவதற்குத்தான் அந்த மரபணு. சில குடும்பங்களில் அது பிறவியிலேயே பழுதாக இருக்கும். முதலில் கை விழும். பிறகு கால். பிறகு பேச்சு. கடைசியில் மூச்சு.

அப்படி ஒரு பெண்ணின் தோல் என்று சொல்லி நரம்பு டாக்டரின் ஆட்கள் இரண்டு குப்பிகள் கொண்டுவந்து தந்திருந்தார்கள். அந்தச் செல்களை நரம்புச் செல்களாக மாற்றி, குப்பிக்கு ஒன்றாக இரண்டு தட்டுகளில் வளர்த்தாள் சிட்டு. முதல் தட்டுக்கு நல்ல மரபணு ஏற்றிய வைரஸ். இரண்டாம் தட்டுக்கு வெறும் வைரஸ். ஒன்று பிழைக்க வேண்டும், இன்னொன்று சாக வேண்டும். அப்போதுதான் மரபணு வேலை செய்ததென்று அடித்துச் சொல்ல முடியும்.

ஒரே மாதத்தில் முதல் தட்டு வேர்விட்டுப் படர்ந்தது. இரண்டாம் தட்டு வதங்கியது.

"சமர்த்து. இப்படியே செத்துப் போ" என்று இரண்டாம் தட்டைக் கொஞ்சினாள் சிட்டு.

அன்று மதியம்தான் அந்தச் சத்தம் கேட்டது.

ஜன்னல் இல்லாத அறை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தூசியில்லாமல் செல் வேலை செய்கிற காற்றுப்பெட்டியின் விசிறி "ம்ம்ம்ம்" என்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் இன்னொன்று... தொண்டையில் சளி அடைத்தவர் மூச்சு விடுவதைப் போல. க்ஹ்ர்... க்ஹ்ர்...

விசிறியை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை.

செல்களை வைக்கிற சூட்டுப்பெட்டியிலிருந்து வந்தது. வெளிக்கதவைத் திறந்தாள். உள்ளே கண்ணாடிக் கதவு. அதன் உட்புறத்தில், இரண்டாம் தட்டு இருக்கிற அடுக்குக்கு நேராக, உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

யாரோ உள்ளேயிருந்து கண்ணாடியில் வாய் வைத்து மூச்சு விடுகிற மாதிரி...

சிட்டு ஓடிப்போய் ஆராய்ச்சிக்கூடத் தலைவரிடம் சொன்னாள். அவர் சோற்றுக் கையோடு சிரித்தார்.

"நரம்புக்கு வாயும் முளைச்சிருச்சா? அப்ப கட்டுரையில அது பேரையும் போட்டுருவோம். போம்மா, போய் வேலையப் பாரு."

மறுநாள் மதியம் மூச்சு பேச்சாகியிருந்தது. உடைந்த குரல். பெண் குரல்.

"அவளுக்கு... மட்டுமா...?"

சிட்டு சூட்டுப்பெட்டியின் வெளிக்கதவைத் திறந்தாள்.

"அவளுக்கு மட்டுமா...? எனக்கு... இல்லையா...?"

கெஞ்சல். அழுகை. கேட்கவே முடியவில்லை.

பயமோ, பாவமோ, அவளுக்கே தெரியாது. நல்ல மரபணு ஏற்றிய வைரஸ் ஒரு குழாய் கையில் இருந்தது. இரண்டாம் தட்டை எடுத்தாள். ஊற்றினாள்.

குரல் நின்றது.

நீளமாக ஒரு பெருமூச்சு.

பிறகு...

ஒரு சிரிப்பு.

இரண்டு நாள் காய்ச்சல் என்று வீட்டிலேயே கிடந்தாள் சிட்டு. மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது இரண்டாம் தட்டு செழித்திருந்தது. அவ்வளவு சீக்கிரம் எந்தச் செல்லும் தேறாது. முதல் தட்டில் ஒரு செல்கூட உயிரோடு இல்லை. படர்ந்திருந்த நரம்பெல்லாம் வேரோடு பிய்ந்து, கசக்கி எறிந்த நூலைப்போல நடுவில் சுருண்டு கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. கிருமியும் இல்லை.

அன்றே நரம்பு டாக்டர் வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பெரியவ போயிட்டாம்மா."

"யாரு டாக்டர்?"

"நீ வளர்க்கறியே, அவங்கதான். அக்கா தங்கச்சி ரெண்டு பேர். ஆளுக்கொரு குப்பி. உங்ககிட்ட ஒரே ஆள்னு தப்பா சொல்லிட்டாங்க போல."

சிட்டு சூட்டுப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "அவங்க... உயிரோடவா இருந்தாங்க?"

"ஒரு மாசமா பெரியவளுக்குக் கை அசைஞ்சுது. மருந்தே குடுக்கல, எப்படின்னு நாங்களே வாயப் பொளந்து நின்னோம். மூணு நாளைக்கு முன்னாடி மதியம் திடீர்னு மூச்சு அடைச்சுது. யாரோ தொண்டையத் திருகற மாதிரி துடிச்சா. சின்னவ பக்கத்துக் கட்டில்ல படுத்துப் பாத்துக்கிட்டே இருந்தா."

"அழுதாங்களா?"

டாக்டர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"சின்னவளுக்குப் பேச்சு நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அக்கா உசுரு போனதும் வாயத் தொறந்தா. 'அந்தப் பொண்ண இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுங்க'ன்னா. எந்தப் பொண்ணு, என்னத்த ஊத்தறதுன்னு எங்களுக்கு ஒண்ணும் புரியல. அன்னிலருந்து பசி வந்த குழந்தை மாதிரி அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கா."