மாலை கழற்றிய பிறகு

எனக்கும் பரமசிவனுக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். வயலுக்குத் தண்ணீர் திறக்கிற தகராறில் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கார்த்திகையில் இருவருமே சபரிமலைக்கு மாலை போட்டோம்.

குற்றாலத்தில் குளித்து, தென்காசியில் இருமுடி கட்டி, கூட்டாளிகள் ஐந்து பேரும் குருசாமியோடு அச்சன்கோவில் காட்டு வழியே நடந்தோம். மாலை போட்டவரெல்லாம் சாமி. யாரும் யாரோடும் பேசாமல் இருக்கக் கூடாது என்று குருசாமி முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஓர் ஓடையைத் தாண்டியதும் என் காலில் ரத்தம் வழிந்தது. அட்டைக்கடி. பரமசிவன்தான் பார்த்தான்.

"காலை நீட்டுங்க சாமி" என்று என் பாதத்தைத் தன் மடியில் வைத்துச் சுண்ணாம்பு தடவினான். "வலிக்கா?"

"இல்ல சாமி."

"இனி பைய நடங்க."

அதன் பிறகு வழியெல்லாம் பேச்சுதான். மழை, யானை, அவன் மகள் நடை பழகுவது. ஒரே இலையில் அவல் தின்றோம்.

ஊர் திரும்பியதும் கோயிலில் குருசாமி எங்கள் மாலைகளைக் கழற்றினார். வாசலில் நானும் அவனும் எதிரெதிரே நின்றோம். இனி சாமி என்று கூப்பிட முடியாது. பழையபடி கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவனே முதலில் கூப்பிடட்டும் என்று நின்றேன். அவனும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த கார்த்திகையில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆடியிலேயே பரமசிவன் காய்ச்சலில் செத்துப்போனான்.

கிடத்தியிருந்த அவன் காலருகே நின்று, "ஏலே பரமசிவா" என்று கூப்பிட்டேன். அங்கிருந்த எல்லாருக்கும் கேட்டது.