பலாக்குழை கட்டிய வண்டி

ஓர் ஆட்டுக்குத் தீனி கொண்டுபோகத் துப்பில்லாத மடையன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது கொஞ்சம் கௌரவம்.

எங்கள் பக்கம் மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியிருந்த காலம். எனக்குச் சொந்தமாக ஒரு இரட்டை மாட்டு வண்டி இருந்தது. அதைவிட நீளமாக ஒரு வாயும் இருந்தது. மார்த்தாண்டத்திலிருந்து கோட்டாறு போகிற வழியில் ஓரிடத்தில் குளத்தின் கரைமேல்தான் ரோடு. ஒரு வண்டி போகலாம், இரண்டு போக முடியாது. ஒரு பக்கம் குளம், மறுபக்கம் இரண்டாள் ஆழத்தில் வயல். கரை நடுவில் வளையும். வளைவில் தாழம்புதர் அடைத்து நிற்பதால் இந்த முனைக்காரனுக்கு அந்த முனை தெரியாது.

சந்தை நாளில் இரண்டு முனையிலும் வண்டிகள் எறும்புச் சாரியாக நிற்கும். அதற்கு வண்டிக்காரர்களே ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்து வண்டிகள் கூட்டமாகப் போகும். கூட்டத்தின் கடைசி வண்டியில் மட்டும் ஒரு பச்சைக் கொம்பைப் பின்னால் சொருகியிருப்பார்கள். அந்தக் கொம்பு கரையைத் தாண்டி வந்த பிறகுதான் எதிர்ப்பக்கம் அசையும். அதையும் மீறி நடுவில் இருவர் முட்டிக்கொண்டால், வெறும் வண்டிதான் பாரவண்டிக்கு ஒதுங்கவேண்டும். இவ்வளவுதான் சட்டம். இதை மீறியவனுக்கு யாரும் சந்தையில் பேச்சுக்கொடுக்க மாட்டார்கள்.

அந்த ஐப்பசியில் குளம் நிறைந்து கிடந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவையும் மூன்று மாதப் பிள்ளையையும் கூட்டிப்போக அத்தான் தன் வண்டியோடு வந்திருந்தார். பாத்திரம், தேங்காய், அரிசி எல்லாம் என் வண்டியில். அக்கா வீட்டு ஆட்டுக்கென்று அம்மா ஒரு பெரிய கட்டுப் பலாக்குழையும் பச்சை இலையோடு சிறு கொம்புகளாக வெட்டித் தந்தாள்.

அத்தான் அப்போதே சொன்னார், "குழைய உள்ள வச்சு சாக்கப் போட்டு மூடு. பின்னால கெட்டாத, கேட்டியா."

"மூடீருவோம் அத்தான். ஆட்டுக்க சாப்பாட்டுல கண்ணு பட்டுரப்பிடாது."

அவர் சிரிக்கவில்லை. மூடினேன்.

கரையில் என் வண்டி முன்னால், அத்தான் பின்னால், அவருக்குப் பின்னால் ஏழெட்டு வாழைக்குலை வண்டிகள். பிள்ளை குலுங்கக்கூடாதென்று அத்தான் மாட்டை நடத்தி வந்தார். நான் பாட்டுப் பாடிக்கொண்டு வளைவைத் தாண்டிப் போய்விட்டேன். அப்போதுதான் முதுகில் தீப்பட்டது. பலாக்குழைக்குள் முசுறு. அந்தச் செவ்வெறும்பு ஒன்று கடித்தாலே ஆள் துள்ளுவான்; என்மேல் ஒரு கூடே ஏறியிருந்தது. குழைக்கட்டை இழுத்து வண்டியின் பின்னால் சொருகிவிட்டு, சட்டைக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டே கரையைத் தாண்டினேன்.

எதிர்ப்பக்கத்தில் முதல் ஆளாக ஒரு பஸ் நின்றது. காக்கிச் சட்டைபோட்ட டிரைவர் என் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். நெஞ்சில் கைவைத்துத் தலை சாய்த்தார். மோட்டார்க்காரன் எனக்குச் சலாம் வைக்கிறான் என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு சலாம் வைத்தேன். பஸ் என்னைத் தாண்டிக் கரையில் ஏறியது.

அதற்குப் பின்னால் நின்ற வண்டிக்காரர், "ஓய், கொஞ்சம் ஒதுக்கும். நாங்க போகண்டாமா?" என்றார்.

"அவசரப்படாதேயும். எனக்க அத்தான் பின்னால வாறாரு."

சொன்ன வார்த்தை என் காதிலேயே விழுந்தது. திரும்பி வண்டியின் பின்னால் சொருகியிருந்த குழையைப் பார்த்தேன்.

அவர் கொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப இது என்னதுவே?"

"ஆட்டுக்கு."

அவர் தன் வண்டியிலிருந்து குதித்து வந்து என் மாடுகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஓடும்."

ஓடினேன். அத்தானின் வண்டியில் இடப்பக்கத்து மாடு புதிது; குடை விரித்தாலே மிரளும். பஸ்ஸை அது கண்ணால் கண்டதில்லை. அது எந்தப் பக்கம் பாய்ந்தாலும் ஒன்று தண்ணீர், இல்லாவிட்டால் வயல். வண்டிக்குள் அக்கா. அக்கா மடியில் பிள்ளை. சட்டைக்குள் எறும்பு கடித்துக்கொண்டிருந்தது, எனக்கு அது யாரையோ கடிப்பதுபோல் இருந்தது. புதருக்கு அப்பால் ஹாரன் ஒருமுறை கேட்டது. பிறகு இன்ஜின் சத்தம் நின்றது.

வளைவில் திரும்பினேன். பஸ்ஸுக்கும் மாட்டுக்கும் நடுவே இரண்டு முழம் இடைவெளி. டிரைவர் இறங்கி, தன் துண்டால் புது மாட்டின் கண்ணை மூடிப் பிடித்திருந்தார். அதன் உடம்பு முழுக்க நடுங்கியது. மற்ற மாட்டை அத்தான் பிடித்திருந்தார். வண்டியின் ஒரு சக்கரம் குளத்தோரத்தில் பாதி நின்றது. ஈரமண் கட்டி கட்டியாகத் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது.

"தாயி, அனங்காம இருக்கணும்," என்றார் டிரைவர், வண்டிக்குள் பார்த்து, தாழ்ந்த குரலில்.

பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் சொல்லாமலே ஒவ்வொருவராக இறங்கினார்கள். நாலுபேர் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார்கள். கடற்கரையிலிருந்து வந்த மீன்காரி ஒருத்தி கூடையை வைத்துவிட்டுக் கைகளை நீட்டினாள். "பிள்ளையத் தா மோளே. நீ பொறவு எறங்கு." அக்கா ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு கொடுத்தாள். பின்னால் வாழைக்குலை வண்டிகளில் "நில்லு" என்ற சொல் வாய்க்கு வாய் மெதுவாகக் கடைசிவரை போயிற்று. மாடு மிரளுமென்று ஒருவரும் சத்தம் போடவில்லை.

அக்கா இறங்கினாள். சக்கரம் நடுவுக்கு வந்தது. அப்போதும் புது மாட்டின் கண்ணிலிருந்து துண்டை எடுக்கவில்லை.

"ஆளெல்லாம் எறங்கியாச்சு, உங்க பின்னால வாழைக்குலைப் பாரம் நிக்குது. இப்ப எனக்க வண்டிதான் வெறும் வண்டி. நாந்தான் ஒதுங்கணும்," என்றார் டிரைவர். இன்ஜினை முடுக்கினால் மாடு பாய்ந்துவிடும். ஆகவே அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, இருபது பேர் சேர்ந்து பஸ்ஸைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு வளைவைக் கடந்தோம். என் பக்கத்தில் தள்ளியவர் மூச்சிரைக்கக் கேட்டார், "எந்தச் சவத்துமூதி கொம்பக் காட்டினான்?"

"நாந்தான்."

அவர் நாலடி தள்ளினார். "தள்ளு," என்றார்.

முனையில் டிரைவரிடம் போய்க் கும்பிட்டேன். ஆட்டைப்பற்றி ஏதோ வேடிக்கை சொல்ல வாயெடுத்தேன். அவர் பஸ் சக்கரத்தில் அப்பியிருந்த ஈரமண்ணையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் விழுங்கிய ஒரே வேடிக்கை அதுதான்.

அத்தான் வீடுவரை புது மாட்டின் கயிற்றைப் பிடித்து நடந்தே வந்தார். ஆடு மட்டும் குழையை ருசித்துத் தின்றது. மாடுகளை அவிழ்த்துவிட்டு, தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், "அத்தான், அடுத்த சந்தைக்கு நான் வரவா, வேண்டாமா?"

அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"கடைசி வண்டியா வா, கொம்பு ஒனக்கதுதான்."