ஜப்பார் பிடித்த கயிறு

எங்கள் பார்ஜில், அதாவது கிரேன் வைத்த தட்டைப் படகில், இருந்தவர்கள்: சூப்பர்வைசர், எகிப்துக்காரர். கிரேன் ஓட்டுகிறவர், பிலிப்பைன்ஸ். சமையலுக்கு ஒரு வங்காளதேசத்துக்காரர். தண்ணீருக்குள் காற்று அனுப்புகிற கம்ப்ரசர் பார்க்கிற பெஹ்ரூஸ், ஈரான். எனக்குக் கயிறு பிடிக்கிற ஜப்பார், ஈராக். தண்ணீருக்குள் இறங்குகிற நான், தூத்துக்குடி திரேஸ்புரம். டீ வந்தால் ஜப்பார் மேற்குக் கரையைப் பார்த்து உட்காருவார். பெஹ்ரூஸ் கிழக்குக் கரையைப் பார்த்து உட்காருவார். முதுகுக்கு முதுகு. நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் இருக்கும். அதில் நான் உட்காருவேன். வந்த புதிதில் வெயிலுக்காக அப்படி உட்காருகிறார்கள் என்று நினைத்தேன். காலையிலும் அப்படித்தான், சாயங்காலமும் அப்படித்தான். வெயில் காரணமில்லை.

மேற்குக் கரை ஈராக், கிழக்குக் கரை ஈரான். நடுவில் ஆறு. அந்த ஆற்றுக்கு ஜப்பார் ஒரு பெயர் சொல்லுவார், பெஹ்ரூஸ் வேறு பெயர் சொல்லுவார். நான் ஆறு என்று சொல்லிவிடுவேன். ஆற்றுக்குள் பழைய கப்பல், படகு எல்லாம் மூழ்கிக் கிடக்கிறது. அதில் இரும்புவடம் மாட்டிவிட்டு வரவேண்டும், கிரேன் தூக்கும். இதுதான் வேலை. தண்ணீர் சேறு. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கைதான் கண். எங்கள் கடலில் வெள்ளை மணல் தெரியும், சங்கு ஊர்ந்து போன கோடு தெரியும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் சங்கு இருக்கும். இங்கே கோடு கிடையாது.

இந்தப் படகெல்லாம் ஏன் மூழ்கியது என்று நான் கேட்டதில்லை. புயல் என்று நினைத்துக்கொண்டேன். கடல்கரையில் பிறந்தவனுக்கு அதுதான் முதலில் தோன்றும்.

எங்கள் பக்கத்தில் முத்துக்குளித்த காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவனுக்குக் கயிறு பிடிக்க அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் நிற்பான். அண்ணன் தம்பி பிடித்தால்கூடச் சொத்துக்கு ஆசைப்பட்டுக் கையை விடலாம். மச்சான் விடமாட்டான். விட்டால் தாலி அறுப்பவள் அவன் கூடப்பிறந்தவள். எனக்கு சேவியர் பிடித்தான், என் மனைவி ரோஸ்லினின் தம்பி, புன்னைக்காயல்காரன். நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அவன் சிரித்துக்கொண்டே, “மச்சான், அங்கன கயிறு பிடிக்கவனுக்கு அக்கா தங்கச்சி உண்டுமான்னு முதல்ல கேட்டுக்கிடுங்க” என்றான். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். ரோஸ்லின் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பை நான் வேலை இடம்வரை கொண்டுபோய்விட்டேன். ஒருநாள் இடுப்பில் கயிறு கட்டும்போது ஜப்பாரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில், “உக்த் மௌஜூத்?” என்று கேட்டேன். தங்கச்சி இருக்கிறாளா என்று. கயிற்றையும் தொட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறியது. கட்டிய முடிச்சை இறுக்கிய இறுக்கில் எனக்கு மூச்சு முட்டியது. அந்த ஊரில் அடுத்தவன் வீட்டுப் பெண்ணைப் பற்றி ஆண்பிள்ளை விசாரிக்கக்கூடாது. எனக்குத் தெரியாது. அவரைக் கோபப்படுத்திவிட்டு அவர் கையிலேயே உயிரைக் கொடுத்து இறங்கினேன். உள்ளே கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அவர் கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பார். நலமா என்று அர்த்தம். நானும் ஒன்று இழுக்கவேண்டும். அன்றைக்கு அந்த இழுப்பு வராது என்று நினைத்தேன். வந்தது. கோபத்தோடுதான் வந்தது, ஆனால் ஒன்றுகூடத் தவறவில்லை.

பெஹ்ரூஸ் குவைத்தில் இருந்தவர். அரபியும் இந்தியும் தெரியும். நான் எங்கள் வழக்கத்தை அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து ஜப்பாரிடம் போனார். அவர்கள் இரண்டு பேரும் பேசி நான் பார்த்தது அன்றுதான். பேசி முடித்ததும் ஜப்பார் என்னிடம் வந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல பெஹ்ரூஸ் இந்தியில் எனக்குச் சொன்னார்.

தங்கச்சி இருக்கிறாள். ஒரே தங்கச்சி. அவள் புருஷன் சண்டையில் இந்த ஆற்றைக் கடக்கப் போன படகில் இருந்தான். திரும்பவில்லை. அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. செத்ததற்கும் சாட்சியில்லை, இருப்பதற்கும் சாட்சியில்லை. இன்றைக்கும் அவளுக்கு அழ ஒரு குழி இல்லை.

“இவர் அன்றைக்கு மேற்குக் கரையில் நின்றாராம்,” என்றார் பெஹ்ரூஸ். “கையில் கயிறு இல்லை என்கிறார்.”

பக்கத்து நாடுகள் இரண்டும் எட்டு வருடம் அடித்துக்கொண்டன என்று அப்போதுதான் தெரிந்தது. பெஹ்ரூஸைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு அவர் அம்மா எதிர்க்கரை ஊரைவிட்டு ஓடியிருக்கிறாள். நான் படித்தது எட்டு வகுப்பு. ஒரு வகுப்பிலும் இந்தச் சண்டை வரவில்லை. நான் பம்பரம் விட்ட வருடங்கள் அவை. எங்கள் கரைக்கு எதிரிலும் ஒரு நாடு உண்டு. ராத்திரி ரேடியோவில் அவர்கள் பாட்டுத்தான் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். நடுவில் தண்ணீர் இருந்தால் பக்கத்து நாட்டோடு இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஜப்பார் ஒன்று கேட்டார். அடுத்து இறங்கப்போவது சின்னப் படகு, சண்டைக் காலத்தது. உள்ளே வெள்ளி மோதிரம் ஏதும் கையில் தட்டுப்பட்டால் சொல்லு. செந்நிறக் கல் வைத்தது. தங்கச்சி போட்டுவிட்டது.

இறங்கினேன். படகு ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கதவு இருந்த இடத்தில் கையை விட்டேன். சேறு முழங்கைவரை வந்தது. முதலில் பெரிய சங்கு என்று நினைத்தேன். அதே உருட்டு, அதே வழவழப்பு. விரல் கண்குழிக்குள் போனதும் தெரிந்தது. கையை எடுக்கவில்லை. பக்கத்தில் தடவினேன், இன்னொன்று. அப்படியே தடவிக்கொண்டே போனேன். கடைசியில் சேற்றில் ஒரு வளையம். அதில் முட்டை வடிவில் கல். நிறம் கைக்குத் தெரியாது. எதையும் மேலே கொண்டுவரக்கூடாது, தொட்டதைத் தொட்ட இடத்தில் விடவேண்டும் என்பது சட்டம். விட்டேன். ஜப்பார் ஒரு இழுப்பு இழுத்தார். நானும் ஒன்று இழுத்தேன்.

மேலே வந்ததும், “கம்?” என்றார் ஜப்பார். எத்தனை என்று. நாலு விரல் காட்டினேன். மோதிரம் இருக்கிறது என்று என் விரலைத் தொட்டுக் காட்டினேன். அவர் கயிற்றின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பெஹ்ரூஸ் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு வந்தார். எங்கள் ஆளா, அவர்கள் ஆளா என்று என்னிடம் இந்தியில் கேட்டார். ஜப்பாரும் அதையேதான் அரபியில் கேட்டுக்கொண்டிருந்தார். தெரியாது என்றேன். இரண்டு பேருக்கும் அதே பதில். அப்புறம் பெஹ்ரூஸ் தன் கையை ஜப்பார் முன்னால் நீட்டினார். அவர் விரலிலும் வெள்ளி மோதிரம், செந்நிறக் கல். அவர்கள் கரையிலும் எல்லாரும் போடுகிறதுதான். ஜப்பார் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எதிரெதிரே உட்கார்ந்து அவர்கள் டீ குடித்தது அன்றைக்குத்தான். எனக்கு நடுவில் இடமில்லை. நான் கிரேன் ஓட்டுகிறவர் பக்கத்தில் நின்று குடித்தேன்.

மறுநாள் இரண்டு கரையிலிருந்தும் அதிகாரிகள் வந்தார்கள். எலும்பை எடுத்துக்கொண்டு போனார்கள். மோதிரத்தையும்தான். அப்பாவைப் பார்க்காத அந்தத் தங்கச்சி மகன் ரத்தம் கொடுத்திருக்கிறான். எலும்போடு ஒத்துப்போகிறதா என்று சொல்ல நாளாகுமாம். வேலை நின்றது. என்னை லீவில் அனுப்பிவிட்டார்கள்.

இப்போது திரேஸ்புரத்தில் இருக்கிறேன். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ஜப்பாருக்கு போன் போட்டால், “பாத்” என்கிறார். இன்னும் செய்தி வரவில்லை, அப்புறம் என்று அர்த்தம். ரோஸ்லின், “எந்த ஊரு செய்திக்கு இப்படிக் கிடந்து தவிக்கிய?” என்றாள். சும்மா இருக்க முடியாமல் சேவியரோடு சங்கு குளிக்கப் போனேன்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. மணலில் கோடு தெரிந்தது. ஆனால் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் தடவினேன். சேவியர் இழுத்தான். அவன் இழுப்பு மெதுவானது. பதிலுக்கு இழுக்கவேண்டும் என்று தெரியும். ஆனாலும் கை ஜப்பாரின் முரட்டு இழுப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சேவியர் பயந்து மளமளவென்று மேலே தூக்கிவிட்டான். “கொன்னுடுவிய மச்சான் என்னைய. எங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்லுவா?” என்றான். பிறகு நிறைந்த சங்குப் பையை வாங்கினான். கனத்தில் அவன் கை தாழ்ந்தது.

“எத்தனை இருக்கும்?” என்றான். பையைப் பார்க்காமலே சொன்னேன்.

நாலு.