பக்கத்து நிரலில் இருந்த பெயர்

எங்கள் ஊரில் ஒருவரின் பெயரோடு சேர்ந்து நிற்கும் மற்றப் பெயர் தகப்பனுடையதுதான். டென்மார்க்குக்கு வந்தபின் அப்பாவின் பெயரே என் குடும்பப் பெயராகிவிட்டது. நான் வேலை செய்யும் ஹ்விடோவ்ரே முதியோர் இல்லத்தில் என்னை அவர் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பழக்கதோஷம்தான் என்னைக் கவிழ்த்தது.

என்னோடு வேலை செய்பவள் ஒருத்தி கரீபியன்காரி. அவளுடைய தீவு ஒரு காலத்தில் டென்மார்க்கின் காலனி. கரும்புத் தோட்டத்தில் அடிமையாக இருந்த தங்கள் மூதாதை ஒருத்தியின் தகப்பன் யாரென்று, கண்ணை மூடுவதற்குள் அறிந்துவிட வேண்டும் என்பது தீவிலிருக்கும் அவள் தாயின் ஆசை. காலனி அரசின் பதிவுகள் இப்போது இணையத்தில் கிடக்கின்றன. ஆனால் எல்லாம் பழைய டேனிஷ் கையெழுத்து. அவளுக்கோ டேனிஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். “விடு, நான் பார்க்கிறேன்” என்று நானே முன்னுக்குப் போனேன். முந்திரிக்கொட்டை!

ஒரு பக்கத்தில் அந்த மூதாதையின் பெயரும் வயதும் இருந்தன. அடுத்த நிரலில் ஓர் ஆணின் பெயர். இதுதான் தகப்பன் என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அப்போது அவள் வயிற்றிலிருந்த பேரனுக்கு அந்தப் பெயரையே வைக்கச் சொல்லிவிட்டாள் தாய்.

பிள்ளை பிறந்து, அதன் ஞானஸ்நானத்துக்கு முதல்நாள், பெருமையடிக்க அந்தப் பக்கத்தை என் மகளிடம் காட்டினேன். அவள் முந்தின பக்கத்துக்குப் போனாள். நிரல்களின் தலைப்புகள் அங்கேதான் இருந்தன. எப்போதும் டேனிஷில் பதில் சொல்கிறவள் அன்று தமிழில் சொன்னாள்.

“அம்மா, இது தகப்பன் இல்லை. அவவை அடிமையா வச்சிருந்த முதலாளி.”

“வடிவாப் பார், பிள்ளை.”

“வடிவாத்தான் பார்த்தனான். இப்பவே போன் எடுத்துச் சொல்லுங்கோ.”

“ஓம், சொல்லுறன்.”

எடுத்தேன். கேக் வந்துவிட்டதாம், தீவில் அவள் அம்மா புதுச்சட்டை போட்டுக்கொண்டு திரையில் பார்க்கப்போகிறாளாம். அவளே மூச்சுவிடாமல் பேசினாள். நல்லது என்று வைத்துவிட்டேன். என்னைப்போல ஒரு கோழை இருக்க மாட்டாள்.

மறுநாள் போதகர் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி அந்தப் பெயரைச் சொன்னார். போன் திரையில் அம்மம்மாவும் அதைத் திருப்பிச் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

விருந்தில் பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு, எங்கள் முன்னோரைக் கண்டுபிடித்துத் தந்தவர் இவர்தான் என்று அவள் எல்லோருக்கும் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். பிள்ளையின் சின்னக் கைகளைப் பிடித்து நானும் தட்டவைத்தேன்.